டியூக் நியூகம் 3டி சிடில கூடவே வந்த பில்ட் எடிட்டர்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பில்ட்னா என்ன? கேம் கூட ஏன் ஒரு எடிட்டர் வந்துச்சு?

டியூக் நியூகம் 3டிங்கற துப்பாக்கிச் சண்டை கேம் 1996ல வந்துச்சு, பண்ணினது 3டி ரெல்ம்ஸ், பப்ளிஷ் பண்ணினது ஃபார்ம்ஜென். அந்த கேமுக்கு அடியில ஓடுற என்ஜின் பேரும் பில்ட், லெவல் வரையுற எடிட்டர் பேரும் பில்ட், ரெண்டையும் எழுதினது கென் சில்வர்மேன், அப்போ அவருக்கு 20 வயசு சுமார்தான். ஃபுல் வெர்ஷன் சிடில குடீஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள பில்ட்னு ஒரு ஃபோல்டர், அங்கதான் இது இருக்கு. கேம்ல நீங்க ஆடுற லெவல்களை வரைஞ்சதும் இதே டூல்தான். ஆலன் பிளம், ரிச்சர்ட் கிரே (லெவலார்ட்னு சொன்னாத்தான் நிறைய பேருக்கு தெரியும்) ரெண்டு பேரும் உக்காந்து வேலை பார்த்த அதே பட்டறை அப்படியே நம்ம கைக்கு வந்துச்சு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது பெரிய விஷயமாத்தான் படுது.

"சப்போர்ட் கிடையாது"ன்னு போட்டிருக்கே, அப்டின்னா?

அந்தக் காலத்துல கேம் ஓடலன்னா கம்பெனிக்கு போன் பண்ண முடிஞ்சுது, எடிட்டர் ஓடலன்னா பண்ண முடியாது, அவ்ளோதான். டீம் தனக்காக செஞ்சுகிட்ட டூல் இது, வெளியாளுங்களுக்காக மெருகு போட்டது இல்ல. அதனால பட்டன் இல்ல, மெனு கிட்டத்தட்ட இல்ல, எல்லாமே கீபோர்ட்ல மனப்பாடம், தப்பு பண்ணினா என்ன தப்புன்னு ஒழுங்கா சொல்லாது. ஆனா சப்போர்ட் இல்லைங்கறதை டூல் சரியில்லைன்னு எடுத்துக்காதீங்க. கத்துக்க வழியும் அதே ஃபோல்டர்லயே இருக்கு, அதை கடைசி கேள்வில சொல்றேன்.

இப்போ இருக்குற கம்ப்யூட்டர்ல ஓடுமா?

இது டாஸ்ங்கற பழைய சிஸ்டத்துக்கு எழுதின ப்ரோக்ராம், அதனால டாஸ் மாதிரியே நடிக்கற டாஸ்பாக்ஸ்ங்கற ப்ரோக்ராம் வேணும். குடீஸ்ல இருக்குற பில்ட் ஃபைல்களை எல்லாம் கேம் இன்ஸ்டால் ஆன ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணுங்க. தனியா வெச்சா வேலைக்கு ஆகாது, ஏன்னா டெக்ஸ்சர் (செவுரு, தரை மேல ஒட்டுற படம்), ஸ்ப்ரைட் (மிருகம், சாமான் மாதிரி தனியா நிக்கற படம்) எல்லாம் டியூக்3டி.ஜிஆர்பிங்கற ஒரே பெரிய ஃபைலுக்குள்ள மூட்டை கட்டி இருக்கு, பில்ட் அதைத்தான் தேடும். உங்க கிட்ட எந்த வெர்ஷன் இருக்குன்னு தெரியணும்னா அந்த ஃபைல் சைஸ் பாருங்க: 1.3டின்னா 2,65,24,524 பைட், அதுக்கு அப்புறம் வந்த அட்டாமிக் எடிஷன்னா 4,43,56,548 பைட். அட்டாமிக்ல வரைஞ்சு அதோட புது மிருகங்களை வெச்ச மேப்பை (லெவல் ஃபைலை) 1.3டி வெச்சிருக்குறவங்க ஆட முடியாது, அதனால முதல்லயே இதை பார்த்து வெச்சுக்கோங்க.

ஃபைல் பேர் எட்டு எழுத்துக்கு மேல போகக் கூடாது, டாஸ் காலத்து வழக்கம் அது.

லேப்டாப்ல நம்பேட் (கீபோர்ட் வலது ஓரத்துல இருக்குற நம்பர் கீகள்) இல்ல, என்ன பண்றது?

இது ரொம்ப பேர் மாட்டிக்கற இடம். 2டி வரைபடத்துல இருந்து 3டிக்கு போறதே நம்பேட்ல இருக்குற என்டர் கீ வெச்சுதான், ஸ்டார்ட் பொசிஷன் வைக்கறது ஸ்க்ரோல் லாக் கீ வெச்சு, இந்த ரெண்டுமே பாதி லேப்டாப்ல இருக்காது. டாஸ்பாக்ஸ்ல கன்ட்ரோல்+எஃப்1 அடிச்சா கீ மாத்துற ஸ்க்ரீன் வரும், அதுல உங்க கிட்ட சும்மா கெடக்குற ரெண்டு கீயை இதுக்கு ஒதுக்குங்க. ஆனா மனசார சொல்றேன், ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்ட் வாங்கி மாட்டிட்டீங்கன்னா பாதி கஷ்டம் போச்சு, டெக்ஸ்சர் இழுக்கறது வெளிச்சம் மாத்தறது எல்லாமே நம்பேட்லதான் இருக்கு.

முதல் ரூம் எப்படி வரையறது?

பில்ட்ல எல்லாமே செக்டர். செக்டர்னா மேல இருந்து பார்த்தா ஒரு மூடின வடிவம், அதுக்கு ஒரு தரை ஒரு கூரை, அவ்ளோதான். வீடு கட்ட தரையில கயிறு கட்டி சுண்ணாம்பு போடுவாங்க இல்ல, அதே மாதிரி நெனச்சுக்கோங்க. 2டில மவுஸை நகர்த்தி ஸ்பேஸ்பார் அடிங்க, அது முதல் புள்ளி. அடுத்த மூலைக்கு போய் மறுபடி ஸ்பேஸ்பார். இப்படியே சுத்தி வந்து முதல் புள்ளி மேலயே திரும்ப ஸ்பேஸ்பார் அடிச்சா வடிவம் மூடிக்கும், ரூம் ரெடி. நடுவுல தப்பா ஒரு புள்ளி வெச்சுட்டா பேக்ஸ்பேஸ். ஏ, இசட் வெச்சு கிட்ட போகலாம் தூரம் போகலாம், ஜி அடிச்சா கிரிட் சைஸ் மாறும். கிரிட் ரொம்ப சின்னதா வெச்சுகிட்டு வரையாதீங்க, அப்புறம் ஒரு மூலை இன்னொரு மூலை மேல சரியா உக்காராது.

நம்பேட் என்டர் அடிச்சா நீங்க உள்ள நிப்பீங்க. வரைஞ்ச நாலு கோடு நாலு செவுரா நிக்கறதை முதல் தடவை பார்க்கும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதுக்காகவே இந்த எடிட்டரை கத்துக்கலாம். மவுஸை தரை மேல காட்டி பேஜ்அப் அடிச்சா தரை உயரும், கூரை மேல காட்டினா கூரை உயரும். வி அடிச்சா டெக்ஸ்சர் லிஸ்ட் வரும். ஒரு செவுத்துல டேப் அடிச்சு இன்னொரு செவுத்துல என்டர் அடிச்சா அப்படியே காப்பி ஆகும்.

வெள்ளை கோடு, சிவப்பு கோடு என்ன வித்தியாசம்? பக்கத்து ரூமுக்கு போகவே முடியல!

வெள்ளைன்னா முழு செவுரு, அந்தப் பக்கம் ஒண்ணும் இல்ல. சிவப்புன்னா ரெண்டு செக்டருக்கு நடுவுல இருக்குற கோடு, அது வழியா பார்க்கலாம், உயரம் ஒத்து வந்தா நடக்கலாம். பக்கத்து ரூமை வரையும்போது பழைய ரூமோட மூலைப் புள்ளிகள் மேலயே உங்க புதுப் புள்ளிகளும் உக்காரணும், அப்போதான் நடுக்கோடு தானா சிவப்பா மாறும். ஒரு நூல் தள்ளி வெச்சா ரெண்டு வெள்ளைக் கோடு ஒட்டிகிட்டு நிக்கும், கண்ணுக்கு ஒண்ணா தெரியும், கேம்ல செவுரு. அங்க புள்ளி இல்லன்னா கோட்டு மேல இன்செர்ட் கீ அடிச்சு புதுப் புள்ளி போட்டுட்டு அங்க இருந்து ஆரம்பிங்க.

ரூமுக்குள்ள ஒரு சின்ன சதுரம் வரைஞ்சா அது வெள்ளையாதான் வரும், அதாவது தூண். அது தூணா வேணாம், மேடையா வேணும், பள்ளமா வேணும்னா அதுக்குள்ள மவுஸ் வெச்சு ஆல்ட்+எஸ் அடிங்க, சிவப்பாகி தனி செக்டர் ஆயிடும். அதுக்கு அப்புறம் 3டில போய் தரையை தூக்குங்க, டேபிள் ரெடி. ஒரு ரூமை ரெண்டா பிரிக்கணும்னா ஒரு மூலைல ஆரம்பிச்சு அதே ரூமோட இன்னொரு மூலைல முடிச்சா போதும். திரும்ப ஒண்ணாக்க ஜே, முதல் செக்டர்ல ஒரு தடவை, ரெண்டாவதுல ஒரு தடவை.

மாடி வீடு கட்ட முடியுமா?

ஒரே இடத்துல கீழ ஒரு ரூம் மேல ஒரு ரூம், ரெண்டையும் ஒரே நேரத்துல பார்க்கற மாதிரி, அது இந்த என்ஜின்ல முடியாது, ஒரு செக்டருக்கு ஒரே தரை ஒரே கூரைதான். ஆனா வரைபடத்துல ரெண்டு செக்டர் ஒண்ணு மேல ஒண்ணு விழலாம், ரெண்டும் ஒரே பார்வைல தெரியாத வரைக்கும் என்ஜின் கவலைப்படாது. படிக்கட்டு வளைஞ்சு வளைஞ்சு போய் கீழ் ரூமுக்கு நேர் மேல முடியலாம். ஆடுறவங்களுக்கு அது நிஜ மாடிதான்.

கதவு எப்படி வெக்கறது? டேக் டேக்னு எல்லாரும் சொல்றாங்களே?

இங்கதான் விஷயமே இருக்கு, நிதானமா படிங்க. ஒவ்வொரு செக்டருக்கும் செவுத்துக்கும் ஸ்ப்ரைட்டுக்கும் ரெண்டு நம்பர் ஒட்டலாம், லோடேக், ஹைடேக்னு. பில்ட் எடிட்டருக்கு அந்த நம்பர் என்னன்னே தெரியாது, சும்மா எழுதி வெச்சுக்கும், கேம்தான் படிச்சு "ஓ இது கதவு"ன்னு புரிஞ்சுக்கும். 2டில செக்டருக்கு டி அடிச்சா லோடேக், எச் அடிச்சா ஹைடேக். செவுத்துக்கும் ஸ்ப்ரைட்டுக்கும் அதே கீயோட ஆல்ட் சேர்த்துக்கணும். தப்பான நம்பர் போட்டாலும் எடிட்டர் வாய் திறக்காது, அதனால கதவு வேலை செய்யலன்னா முதல்ல நம்பரை பாருங்க, அப்புறம் அந்த நம்பர் செக்டர் மேல போச்சா இல்ல தெரியாம பக்கத்துல இருக்குற ஸ்ப்ரைட் மேல போச்சான்னு பாருங்க.

ரொம்ப சுலபமான கதவு மேல தூக்குற கதவு. ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒல்லியா ஒரு செக்டர் வரைங்க, 3டில அதோட கூரையை தரை வரைக்கும் இறக்குங்க, லோடேக் 20 போடுங்க. முடிஞ்சுது. கதவு ஏறும்போது நிலைச்சட்டம் டெக்ஸ்சரும் சேர்ந்து வழுக்கிட்டு போகுதுன்னா அந்த செவுத்து மேல ஓ கீ அடிங்க, அசையாம நிக்கும். 21 போட்டா தரைல இருந்து எழும்புற கதவு, 22 போட்டா மேலயும் கீழயும் பிளக்குற கதவு. 23 நம்ம வீட்டுக் கதவு மாதிரி கீல்ல திரும்புறது, அதுக்கு செக்டர் எஃபெக்டர்னு ஒரு ஸ்ப்ரைட் (டைல் நம்பர் 1, அதாவது படங்களோட லிஸ்ட்ல அதோட நம்பர்) லோடேக் 11 போட்டு கீல் இருக்குற இடத்துல வைக்கணும்.

சத்தம் தனியா வரும். மியூசிக் அண்ட் எஸ்எஃப்எக்ஸ் ஸ்ப்ரைட், டைல் 5, கதவு செக்டருக்குள்ள வெச்சு அதோட லோடேக்ல சவுண்ட் நம்பர் குடுங்க. சத்தமில்லாத கதவு இருக்குற மேப் ஆடிப் பார்த்தா என்னமோ செத்த வீடு மாதிரி இருக்கும், இதை விட்டுடாதீங்க.

சுவிட்ச் அடிச்சாத்தான் கதவு திறக்கணும்.

கதவு செக்டருக்குள்ள ஆக்டிவேட்டர் ஸ்ப்ரைட் (டைல் 2) வைங்க, அதுக்கு ஒரு லோடேக், உதாரணமா 50. செவுத்துல சுவிட்ச் ஸ்ப்ரைட் வெச்சு அதுக்கும் லோடேக் 50. ஆக்டிவேட்டர் உள்ள இருந்தாலே கையால திறக்கறது நின்னுடும், சுவிட்ச் மட்டும்தான். கார்டு போட்டு திறக்கணும்னா அக்சஸ் சுவிட்ச் வெச்சு கார்டோட கலரும் சுவிட்சோட கலரும் ஒத்துப் போகற மாதிரி பேலட் நம்பர் குடுக்கணும்: நீலத்துக்கு 0, சிவப்புக்கு 21, மஞ்சளுக்கு 23.

தண்ணிக்குள்ள முங்குற மாதிரி எப்படி?

ஒரே வடிவத்துல ரெண்டு செக்டர் வேணும், ஒண்ணு குளத்தோட மேல் பரப்பு, இன்னொண்ணு வரைபடத்துல எங்கயாவது தள்ளி தண்ணிக்குள்ள இருக்குற பகுதி. மேலதுக்கு லோடேக் 1, கீழதுக்கு 2. ரெண்டுலயும் செக்டர் எஃபெக்டர், லோடேக் 7, ஹைடேக் ரெண்டுக்கும் ஒரே நம்பர், ரெண்டுலயும் அதே மூலைல இருந்து அதே தூரம் தள்ளி வைக்கணும். நீங்க முங்கும்போது நிஜமா கேம் உங்களை வேற இடத்துக்கு தூக்கிப் போடுது, எஃபெக்டர் இருக்குற இடத்தை வெச்சு கணக்கு பார்த்து போடுது, அதனால ஒண்ணு கொஞ்சம் தள்ளி இருந்தா மேல வரும்போது செவுத்துக்குள்ள மாட்டிப்பீங்க. செக்டரை கையால ரெண்டாவது தடவை வரையாம செலக்ட் பண்ணி காப்பி பண்ணுங்க, வடிவம் தப்பாது.

லைட் எங்க இருக்கு? ரூம் எல்லாம் ஒரே மாதிரி தட்டையா தெரியுது.

இந்த என்ஜின்ல விளக்குன்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொரு தரைக்கும் கூரைக்கும் செவுத்துக்கும் ஷேட்னு ஒரு அளவு, நம்பேட் ப்ளஸ் மைனஸ் வெச்சு கூட்டிக் குறைக்கலாம், அவ்ளோதான். ஜன்னல் வழியா தரைல வெயில் விழுற மாதிரி வேணும்னா, வெயில் விழுற வடிவத்தை தரைல தனி செக்டரா வரைஞ்சு அதை மட்டும் வெளிச்சமாக்கணும். கோலம் போடற மாதிரி பொறுமை வேணும். ஆனா நல்ல மேப்பையும் சுமாரான மேப்பையும் பிரிக்கறது இந்த நிழல் வேலைதான், நூறு மிருகம் வெச்சாலும் நிழல் இல்லாத ரூம் அட்டைப் பெட்டிதான். கூரைல பி அடிச்சா அது வானமா மாறும், வானம் இருக்குற இடத்துல தரை வெளிச்சமா இருக்கணும்ங்கறதையும் மறக்காதீங்க.

மேப்பை எப்படி ஆடிப் பார்க்கறது?

ஆடுறவர் நிக்க வேண்டிய இடத்துல ஸ்க்ரோல் லாக் அடிச்சு ஸ்டார்ட் வைங்க, அது ஒரு செக்டருக்குள்ள இருக்கணும். எஸ்கேப் அடிச்சு சேவ் பண்ணுங்க, பேர் குடுக்கலன்னா நியூபோர்ட்.மேப்னு சேவ் ஆகும். அப்புறம் டாஸ்ல டியூக்3டின்னு அடிச்சு, இடம் விட்டு, மைனஸ் மேப், இடம் விட்டு, உங்க ஃபைல் பேர் அடிங்க (எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான்). லெவல் முடியணும்னா நியூக் பட்டன் ஸ்ப்ரைட், டைல் 142, லோடேக் 65535. ரகசிய இடம் வெக்கணும்னா அந்த செக்டருக்கு லோடேக் 32767, உள்ள கால் வெச்ச உடனே கேம் சொல்லிடும்.

ரெண்டு வாரம் வரைஞ்ச மேப் திடீர்னு ஓப்பன் ஆக மாட்டேங்குது. காப்பாத்த முடியுமா?

பெரும்பாலும் முடியாது, வருத்தமாத்தான் இருக்கு. என் ஃப்ரெண்ட் ஒருத்தர் மூணு வாரமா ஒரு ரயில்வே ஸ்டேஷன் வரைஞ்சார், ஒரே ஃபைல் பேர்லயே சேவ் பண்ணிட்டே வந்தார், ஒரு நாள் ஒரு செக்டரை அழிச்சதுல பாதி மேப் முறுக்கிகிச்சு, கவனிக்காம சேவ் பண்ணிட்டார், அதோட போச்சு. அவர் திரும்ப அந்த எடிட்டர் பக்கமே வரல, அதை நெனச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. பழைய பில்ட்ல அன்டூ கிடையாது. அதனால சேவ் அஸ் குடுத்து ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் போட்டு வைங்க, அரை மணிக்கு ஒரு தடவை. பெருசா எதையாவது அழிக்கப் போறீங்கன்னா அதுக்கு முன்னாடி ஒண்ணு.

அளவும் பாருங்க. ஒரு மேப்ல 1024 செக்டர், 8192 செவுரு, 4096 ஸ்ப்ரைட், இதுதான் உச்சம். மேல சொன்ன நிழல் வேலை பண்ண ஆரம்பிச்சா செக்டர் மளமளன்னு தீரும், அதனால எந்த ரூமுக்கு நிழல் ரொம்ப முக்கியமோ அங்க செலவழிங்க.

நான் பண்ணின மேப்பை விக்கலாமா?

கூடாது. கேம் லைசென்ஸ்லயே இருக்கு, நீங்க பண்ணின லெவலை மத்தவங்களுக்கு இலவசமாத்தான் குடுக்கணும்னு. இதை சும்மா எழுதி வெச்சிருக்காங்கன்னு நெனச்சு ஒரு கம்பெனி இறங்கிச்சு. மைக்ரோ ஸ்டார்னு ஒரு அமெரிக்க கம்பெனி, ஆளுங்க இன்டர்நெட்ல போட்ட 300 லெவல்களை அள்ளி "நியூக் இட்"னு ஒரு சிடில போட்டு வித்தாங்க. ஃபார்ம்ஜென் தடுக்கப் பார்த்துச்சு, விஷயம் கோர்ட்டுக்கு போச்சு.

மைக்ரோ ஸ்டார் வாதம் கேக்கறதுக்கு நியாயமாத்தான் இருக்கும்: மேப் ஃபைலுக்குள்ள கேமோட ஒரு படம் கூட இல்ல, வெறும் "இந்த இடத்துல இந்த நம்பர் படத்தை வை"ங்கற குறிப்புதான், படம் எல்லாம் ஆடுறவர் கிட்ட இருக்குற ஜிஆர்பில இருந்து வருது, அப்புறம் எப்படி காப்பிரைட்? கீழ் கோர்ட் சிடி டப்பால போட்ட ஸ்க்ரீன்ஷாட் மட்டும் தப்புன்னு சொல்லி மேப்களை விட்டுடுச்சு. 1998ல ஒன்பதாவது சர்க்யூட் அப்பீல் கோர்ட்ல நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி அதை மாத்தினார். அந்தக் குறிப்பு எல்லாம் சேர்ந்து டியூக்கோட கதைக்கு அடுத்த பாகம் மாதிரி ஆகுது, அடுத்த பாகம் எழுதற உரிமை கதை வெச்சிருக்கறவங்களுக்குத்தான்னு தீர்ப்பு.

என் கருத்து, தீர்ப்பு சரியோ தப்போ அந்த 300 மேப்பையும் ராத்திரி ராத்திரியா உக்காந்து வரைஞ்சவங்க காசு எதிர்பார்க்காம போட்டாங்க, அதை அள்ளி வித்தது எனக்கு ஒப்புக்கலை. நீங்களும் அடுத்தவங்க மேப்ல இருந்து ஒரு பகுதி எடுத்தா கேட்டுட்டு எடுங்க, ரீட்மீ ஃபைல்ல அவங்க பேரை போடுங்க.

இவ்ளோ கஷ்டப்பட்டு பழைய எடிட்டர் எதுக்கு? புதுசா ஒண்ணும் இல்லயா?

இருக்கு. கென் சில்வர்மேன் 2000 ஜூன்ல பில்ட் என்ஜின் சோர்ஸை (ப்ரோக்ராமோட மூல கோடை) வெளியிட்டார், 3டி ரெல்ம்ஸ் 2003 ஏப்ரல்ல டியூக்கோட சோர்ஸை ஜிபிஎல்ங்கற, யாரும் எடுத்து மாத்தி வெளியிடலாம்ங்கற லைசென்ஸ்ல விட்டாங்க. அதுல இருந்து வந்தது இடியூக்32, அதோட எடிட்டர் மேப்ஸ்டர்32. விண்டோஸ்ல நேரா ஓடும், அன்டூ இருக்கு, ஆட்டோசேவ் இருக்கு, மேப் எங்க கெட்டுப் போச்சுன்னு தேடிக் காட்டும். செக்டர் 4096, செவுரு 16384, ஸ்ப்ரைட் 16384 வரைக்கும் போகலாம். 2019ல வந்த அயன் ஃப்யூரி இந்த இடியூக்32 மேல பண்ணி காசுக்கு வித்த முழு கேம், அந்த அளவுக்கு இது வளர்ந்திருக்கு.

புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு நான் மேப்ஸ்டர்தான் சொல்லுவேன். கீ எல்லாம் பெரும்பாலும் பழசேதான், மேல சொன்னது எதுவும் வீணாகாது. பழைய டாஸ் கேம்லயும் ஓடற மேப் பண்ணணும்னா மட்டும் பழைய அளவுக்குள்ள நில்லுங்க.

கேட்டுக்க ஆளே இல்ல, எங்க இருந்து கத்துக்கறது?

பில்ட் கூடவே வந்த உதாரண மேப்களை ஓப்பன் பண்ணுங்க, பேர் அண்டர்ஸ்கோர்ல ஆரம்பிக்கும். எஸ்டின்னு ஒண்ணு, அதுல செக்டர் டேக் வகைகள், எஸ்இன்னு ஒண்ணு, அதுல செக்டர் எஃபெக்டர் வகைகள், "ஜூ" (மிருகக்காட்சி சாலை)ன்னு ஒண்ணு, அதுல மிருகங்களும் சாமான்களும் வரிசையா நிக்கும். கேம்ல ஆடிப் பாருங்க, அப்புறம் எடிட்டர்ல திறந்து அதே இடத்துல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாருங்க. எந்த உதவி ஃபைலும் இவ்ளோ தெளிவா சொல்லாது.

அது முடிஞ்சா கேமோட சொந்த லெவல்கள். கேஎக்ஸ்ட்ராக்ட்ங்கற சின்ன ப்ரோக்ராம் வெச்சு ஜிஆர்பில இருந்து மேப் ஃபைல்களை வெளிய எடுக்கலாம். இ1எல்1ஐ எடுத்து திறங்க, முதல் லெவல், சினிமா தியேட்டர் வரும் இல்ல, அது. ஸ்க்ரீன் கிழிஞ்சு செவுரு வெடிக்கற இடத்துல எத்தனை ஸ்ப்ரைட் எந்த நம்பரோட உக்காந்திருக்குன்னு எண்ணுங்க, ஒவ்வொண்ணா அழிச்சுப் பார்த்து எது போனா எது நிக்குதுன்னு குறிச்சு வைங்க, காப்பி ஃபைல்ல. நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க அந்த ஒரு செவுத்துக்கு முன்னாடி உக்காந்திருந்தேன், அடுத்த வாரம் என் மேப்ல ஒரு செவுரு வெடிச்சுது.